இரண்டு விரல் பாக்கி

சிலுவைதாசன் ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கிறார். நெஞ்சு உயரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடிக்கிறார். கயிற்றின் நுனி, ஐம்பது சென்டிமீட்டரில் போட்ட முடிச்சைத் தொட்டால் மரம் பால் வெட்டத் தயார். தொடவில்லை. முடிச்சைத் தாண்டிப் போகிறது; மரம் இன்னும் தடிக்க வேண்டும். நேற்றும் தொடவில்லை.

முப்பத்தெட்டு வருஷமாகக் குலசேகரம் பக்கம் பிறர் மரங்களில் பட்டையைக் கீறி, பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் வடிய விட்டவர். இந்த நாற்பது மரம்தான் சொந்தம். புற்று வந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்த மறுவருஷம் நட்டது. பால் காண ஏழு வருஷமாகும். “சாவப்போறவன் ரப்பரா நடுவான்? ஒரு வருசத்துல குலைக்குற வாழ நட்டா போராதா?” என்று ஊர் சிரித்தது.

போன வருஷம் சோறு இறங்கவில்லை, மலம் கறுத்தது, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. பழைய நோய் இரைப்பைக்குப் பரவி ரத்தம் கசிகிறது என்றார் டாக்டரம்மா. வயிற்றைப் பிளக்காமல் சின்னத் துளைகள் வழியாகவே கட்டியை எடுக்கலாம்; நோய் முழுக்கப் போகாது, ஆனால் ரத்தம் நிற்கும், சாப்பிடலாம்.

“மாறாத சீக்குக்கு எதுக்கு கத்தி?” என்று மனைவி ஜெபகனி அழுதாள்.

சிலுவைதாசன் டாக்டரம்மாவிடம் நாலு விரலைக் காட்டினார். “எனக்க மரம் இன்னும் இம்புடு தடிக்கணும். ஒரு வருசம் ஆவும். அதுவர எணீச்சு நடப்பனா?”

“நாளுக்கு உறுதி சொல்ல மாட்டேன். நடக்க வழி பண்ணலாம்.”

“அது போரும்.”

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும், விலாப்பக்கம் குழாயில் தொங்கிய பையைப் பார்த்துச் சிரித்தார். “ஏட்டி ஜெபகனி, இவிய எனக்கும் சிரட்ட கெட்டியிருக்கினும் பாரு!” தையலுக்கு நற்சான்றிதழும் கொடுத்தார்: “நல்ல கை. எள்ளுபோலத்தான் கீறியிருக்கு.”

இப்போது தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதத்துக்கொரு ஸ்கேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கோழி கொத்துகிற அளவுக்குத்தான், ஆனால் ஆறு வேளை. யாராவது வயிற்றுவலி என்று சொல்லிவிட்டால் போதும், சட்டையைத் தூக்கித் தழும்புகளைக் காட்டாமல் விடமாட்டார். இவரைப் பார்த்தால் நமக்கே இன்னொரு வாய் கூடுதலாகச் சாப்பிடத் தோன்றுகிறது.

“டெய்லி அளந்தா மரம் தடிச்சிருமா? கஞ்சி ஆறுது, வாரும்!” வீட்டு வாசலிலிருந்து ஜெபகனி.

நுனிக்கும் முடிச்சுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்க்கிறார். இரண்டு விரல். இன்னும் ஆறு மாதம் என்பது அவருக்குத் தெரியாததா?

“வாறேன், வாறேன்.”

குனிந்து சாக்கிலிருந்து ஒரு சிரட்டையை எடுக்கிறார். வேட்டி நுனியால் உள்ளே துடைக்கிறார். மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் சிரட்டையை மாட்டிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போகிறார்.