அழித்துக் காட்டிய பெண்

பெண்ணோடு பெண்ணாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களின் கதையைப் போனில் ஒலிப்பதிவு செய்கிற ஒரு பெண், பாக்கார் ஆராங்கில் நான் ஒண்டியிருக்கும் தம்பி மகன் வீட்டுக்கு வந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நான் பேசும்போது வாயே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவாள். அவள் குரல் என் கதைக்குள் விழக்கூடாதாம்.

மெர்போக் ரப்பர் எஸ்டேட்டில் என்னோடு பால்மரம் வெட்டி, முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளைப் பற்றிச் சொன்னேன். ஊருக்கு அவளை அக்கா என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவள் செத்தபோது அவளுடைய அண்ணன்காரன் வந்து காரியமெல்லாம் செய்தான். நான் பக்கத்து வீட்டுக்காரிகளோடு நின்றேன்.

வாசலில் தம்பி மகனின் கார் வந்து நின்றது.

"அழிச்சிரும்மா. இவன் காதுல விழுந்தா நான் எங்க போவேன்?"

"பேரை மாத்திரலாம் லா, பாட்டி."

"குரலை எப்படிம்மா மாத்துவ?"

அவள் போனை என் பக்கம் திருப்பி, அழித்துக் காட்டினாள்.

உள்ளே வந்தவன், "யாரு அத்தை?" என்றான்.

"எஸ்டேட்டு வேலையைப் பத்திக் கேக்க வந்த பிள்ளைடா."

அவளும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். இப்போது அந்தக் கதை அவள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. எத்தனையோ பேரிடம் கதை கேட்கிறவள். எங்களை எத்தனை நாள் வைத்திருப்பாள்?