கையெழுத்துப் பக்கத்தில் ஒட்டிய படம்

எங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிடப் புத்தகம்தான் பெரிசு என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய்யில்லை. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டால் சுவரெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும், துவைத்த துணி காயவே காயாது. அப்போது அவர் என் சேலையைப் பற்றியா கவலைப்படுவார்? புத்தக அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அடிக்கடி உள்ளே கையை விட்டு விட்டுப் பார்ப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஆத்திரமும் வரும், அழுகையும் வரும்.

அவர் சேர்த்தது சும்மா புத்தகம் இல்லை. முதல் பதிப்பாக இருக்க வேண்டும். எழுதினவரே அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அதிலும் பால்பாயின்ட் பேனா ஆகாது. "அதுல போட்டா பேங்க் செலான் மாதிரில்லா இருக்கும்" என்பார். மைப்பேனாவை இவரே சட்டைப்பையில் கொண்டுபோவார். இன்னொரு சட்டமும் உண்டு. இன்னாருக்கு என்று பேர் எழுதக் கூடாது, வெறும் கையெழுத்து மட்டும்தான். பேரை எழுதிவிட்டால் புத்தகம் நம்முடையதாகிவிடுமாம், கையெழுத்து மட்டும் இருந்தால் அது எழுதினவருடையதாகவே இருக்குமாம். என்ன ஞாயமோ! இது போக, எழுத்தாளர்கள் கலந்துகொண்ட கூட்டத்து நோட்டீஸ், அழைப்பிதழ், யாரோ ஒருவர் மறந்து விட்டுப்போன மூக்குக்கண்ணாடிக் கூடு என்று ஒரு டிரங்குப்பெட்டி நிறைய வேறு.

கல்யாணமான புதிதில் ஒரு சீசனுக்கு, அவர் ரொம்ப மதித்த ஒரு எழுத்தாளர் குற்றாலத்துக்குக் குளிக்க வந்து ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டார். அவ்வளவுதான், என்னையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நானும் அருவியில் குளிக்கத்தான் கூட்டிப் போகிறார் என்று மாற்றுத்துணியெல்லாம் எடுத்து வைத்தேன். போனால் லாட்ஜ் வாசலில் நிறுத்திவிட்டார். மழை என்றால் மழை. இருந்தது ஒரே குடை. அதை அவர் புத்தகத்துக்குப் பிடித்தார். அவர் பாதி நனைந்தார், நான் முழுசும் நனைந்தேன்.

கடைசியில் அந்த எழுத்தாளர் வந்தார். அப்போதுதான் எண்ணெய் தேய்த்துவிட்டு உடம்பெல்லாம் மினுமினுக்க, தலையில் துண்டோடு அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கையெல்லாம் எண்ணெயா இருக்கே, குளிச்சிட்டு வந்து போடுதேன்" என்று போய்விட்டார். எங்களுக்கு இன்னொரு மழை. திரும்பி வந்து கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். அது இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "யார் பேருக்கு எழுத?" என்று கேட்டார். "கையெழுத்து மட்டும் போதும் ஐயா" என்றார் இவர். அந்த மனுஷர் நிமிர்ந்து, ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டு நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து, 'குடைக்கு வெளியே நின்ற தங்கைக்கு' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

திரும்புகிற பஸ்ஸில் இலஞ்சி தாண்டுகிற வரைக்கும் எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்க முடியவில்லை. "என்னத்துக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீய? கேட்டா குடுக்கிற மனுஷன், கேக்காமலும் குடுத்துட்டாரு" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அந்தப் புத்தகத்துக்கு மட்டும் பாலித்தீன் உறை போட்டு வைத்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு உடம்பு முடியாமல் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்ததையெல்லாம் நீ என்னமும் பண்ணு. லைப்ரரிக்குக் குடு, யாருக்கும் குடு. அந்தக் குடை புஸ்தகம் மட்டும் உனக்குள்ளது. கையை விட்டு விட்டுராத" என்றார். அவரோடு வாழ்ந்த காலத்தில் இது உனக்கு என்று வாய்விட்டுச் சொல்லி அவர் தந்தது அது ஒன்றுதான். நகை வாங்கித் தந்திருக்கிறார், சேலை வாங்கித் தந்திருக்கிறார். அதெல்லாம் கடையில் கிடைக்கிறது. இது அவருடைய அலமாரியிலிருந்து வந்தது. சரி சரி என்று சொன்னேன். அந்த வாரமே போய்விட்டார்.

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கு, இறந்துபோனவர் நினைவாக எவர்சில்வர் பாத்திரம் ஏதாவது கொடுத்துவிடுவது வழக்கம். என் கொழுந்தன், அவருக்கு இளையவர், போலீஸில் இருந்து ரிட்டயரானவர். அண்ணன் மேல் உயிர். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. அண்ணன் புத்தகப் பிரியன்தானே, சட்டி பானை எதற்கு, அவர் புத்தகத்தையே ஆளுக்கொன்று கொடுப்போமே என்று. கம்ப்யூட்டர் கடையில் அண்ணன் போட்டோவும் 'அன்னாரின் நினைவாக' என்ற வாசகமும் போட்டு அட்டை அட்டையாக அடித்து, மைதாப்பசை காய்ச்சி, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டிவிட்டார். நான் உள்ளே பெண்களுக்கு நடுவில் மூலையில் கிடக்கிறேன். எனக்கு என்ன தெரியும்?

சாப்பாடு முடிந்து, ஒரு சொந்தக்காரி கையில் புத்தகத்தோடு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். வாங்கிப் பிரித்தேன். கையெழுத்து இருக்க வேண்டிய பக்கத்தில், கையெழுத்துக்கு மேலேயே இவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். கொழுந்தனைக் கூப்பிட்டு, "எங்கன பாத்து ஒட்டினிய?" என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார். "முதல் பக்கத்துலதான் மதினி. அதுல எல்லாம் பேனாவுல கிறுக்கிக் கிடந்துது. பழைய புஸ்தகத்தைத் தள்ளிவிட்டுட்டானுவன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது பாருங்க. அதான் கிறுக்கலை மறைச்சு ஒட்டினேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார். அண்ணனுக்குச் செய்கிற கடைசிக் காரியம் என்று கண் முழித்துச் செய்திருக்கிறார். அவரை என்னவென்று ஏச?

"பாலித்தீன் கவர் போட்டது ஒண்ணு இருந்துதே?" என்று மட்டும் கேட்டேன். "அது ஒண்ணுதான் புதுசு மாதிரி இருந்துது. கால் முடியாம அக்கா வரலைல்லா? அக்காவுக்குக் குடுத்துவிட்டேன்" என்றார்.

அக்கா என்றால் இவர்களுக்கு மூத்தவர், எனக்கு நாத்தனார். கீழப்பாவூரில் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. தாய் இல்லாத இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். போனில் கேட்டு வாங்கிவிடலாம் என்றால், செத்தவன் பேரில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாளே என்று நாலு பேர் பேசுவார்கள். நேரில் போகலாம் என்றால், வருஷம் கழியாமல் நான் எந்த வீட்டு வாசலும் ஏறக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அடங்கிக் கிடந்தேன். புத்தகம் எங்கே போய்விடப் போகிறது, பத்திரமாகத்தானே இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வருஷம் கழிந்ததும் கிளம்பினேன். மீந்து கிடந்த அட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். இதை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைத் தாருங்கள் என்று கேட்க வேண்டும், வீட்டுக்கு வந்து அட்டையைப் பக்குவமாக உரிக்க வேண்டும். வழியெல்லாம் இதுதான் நினைப்பு.

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு சாமி அலமாரிக்குக் கூட்டிப் போனார். நரசிம்மர் படத்துக்குக் கீழே, புத்தகத்தை விரித்தபடி சாத்தி வைத்து, மேலே பிச்சிப்பூ வைத்திருந்தார். இவர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தது. முகத்தில் பாதி நீலமாக இருந்தது.

"வெள்ளிக்கு வெள்ளி சாமி படத்தோட சேத்து இவனையும் ஈரத்துணி வச்சுத் தொடச்சுத்தான் பொட்டு வைக்கேன். ஒரு வெள்ளி தவறலட்டி. என்ன எழவு போட்டோவோ, உள்ள இருந்து இப்படி நீலம் பாஞ்சு வருது. மொகத்தையே காங்க முடியலை" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. புத்தகத்தை ஜன்னலுக்கு எடுத்துப் போய், அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கையெழுத்தும் இல்லை, தங்கையும் இல்லை, குடையும் இல்லை. எல்லாம் கரைந்து கன்னத்திலும் சட்டையிலும் ஊறிப் போயிருந்தது. மைப்பேனாதான் வேண்டும் என்று அடம்பிடித்தாரே, அந்த மை.

பையிலிருந்த புது அட்டையை எடுத்துக் கொடுத்தேன். நாத்தனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை உதட்டில் ஒற்றி முத்திக்கொண்டார். "அப்ப அந்தப் பழசைத் தூரப் போட்டுரு" என்றார். நான் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஏட்டி, நான் எதையும் கெடுத்துப் போட்டேனா?"

"ஒண்ணும் கெடலை மதினி" என்றேன். அவர் நம்பிவிட்டார். காப்பி போட்டுக் கொடுத்தார், குடித்தேன்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் என்னக்கா என்னக்கா என்று கேட்டாள். ஒரு புத்தகம் போச்சு என்று சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்? சொன்னவுடன் விளங்கிக்கொண்டு, என்னைவிட அதிகமாக அழுகிற மனுஷர் ஒருவர் இருந்தார். அவரிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.