கம்பாட்டன்ட் பட்டியலில் அப்பா

அப்போது நான் எர்ணாகுளத்தில் ப்ரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கே அது தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். அப்பா ஒரு மிளகுக் கிடங்கில் சுமை தூக்கினார்.

ஒரு மாலை நான் காலேஜ் முடிந்து படகிலிருந்து இறங்கியபோது அப்பா படகுத்துறையிலேயே நின்றிருந்தார். முந்தின நாள் கிடங்கில் இரண்டு கோஷ்டிகளுக்குள் அடிதடி. தானும் இரண்டு பேரை அடித்ததாக வீட்டில் பெருமையடித்திருந்தார். இப்போது கிடங்குக் கதவில் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"வா மோளே, வாசிச்சுச் சொல்லு."

சின்ன நோட்டீஸ்தான். கீழ்க்கண்ட கம்பாட்டன்ட்டுகளுக்கு இனி இங்கே வேலை இல்லை என்றது. பன்னிரண்டு பெயர்கள். ஏழாவது அப்பா.

வேலை போனது புரிந்தது, கம்பாட்டன்ட் என்ற சொல்தான் சரியாகப் புரியவில்லை. மறுநாள் காலேஜ் லைப்ரரியில் தடித்த அகராதியைப் பிரித்தேன். சண்டையில் நேரடியாக இறங்கிப் போரிடுபவர் என்றிருந்தது. பெரும்பாலும் யுத்தத்தைப் பற்றி எழுதும்போது வருகிற சொல். பட்டாளத்தோடு போயும் போரிடாத வைத்தியர், பாதிரியார் போன்றவர்கள் நான்-கம்பாட்டன்ட். அவர்களைத் தாக்கக்கூடாது என்று யுத்தத்திலும் விதி உண்டாம்.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மலர்ந்தது.

"யுத்தம் செய்யிற ஆளா? கொள்ளாமே, நல்ல பேருதான்."

"வேலை போயாச்சு. இவருக்குப் பட்டம் கிடைச்ச சந்தோஷம்" என்றாள் அம்மா.

"சரி, யாரை அடிச்சீங்க? பெயரைச் சொல்லுங்க, மன்னிப்புக் கடிதம் எழுதித் தரேன்" என்றேன்.

அப்பா சாயா கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார். "தலையில மூட்டை இருந்துது" என்றார் கடைசியில்.

பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. தலையில் சுமையோடு நிற்பவனை யாரும் தொடமாட்டார்கள். அவனும் யார் மேலும் கை வைக்கக்கூடாது. அடிதடி முடியும்வரை அப்பா நடுவில் மிளகு மூட்டையோடு நின்றிருக்கிறார்.

"இறக்கி வெச்சிட்டு அடிக்க வேண்டியதுதானே?" அம்மா விடவில்லை.

"இறக்கினா திரும்ப ஏத்தி விட ரெண்டு ஆளு வேணும். எல்லாரும் அடியில இருந்தாங்க."

நான் சிரித்து முடித்துவிட்டு, என் தந்தை ஒரு நான்-கம்பாட்டன்ட் என்று இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். மறுநாள் காலை இருவரும் மேனேஜரிடம் போனோம். பாலக்காட்டுத் தமிழர். இரண்டு முறை வாசித்தார்.

"மூட்டையோடவா நின்னே? எவ்வளவு நேரம்?"

"அடி தீர்ற வரைக்கும், சாரே."

வாசலில் நின்ற மற்ற பதினோரு பேரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா தரையையே பார்த்தார். மேனேஜர் பேனாவை எடுத்துப் பட்டியலில் ஏழாவது பெயரை அடித்தார். "இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

வெளியே வந்ததும் பதினோரு பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"மோளே, எனக்கும் ஒரு மூட்டை எழுதித் தா."

"எனக்கு ஏலக்காய் போதும், கனம் குறைவு."

"எல்லார் தலையிலயும் மூட்டைன்னா அன்னைக்கு அடிச்சது யாரு, சேட்டா?" என்றேன்.

ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்கினார்கள். பிறகு பதினோரு பேருக்கும் சேர்த்து, அடித்தது உண்மை, இனி அடிக்கமாட்டோம் என்று ஒரே கடிதம் எழுதினேன். அப்பா அதற்குள் கிடங்குக்குள் போய்விட்டார். தலையில் மூட்டையை ஏற்றிவிட ஆள் இல்லாமல் அங்கே காத்து நின்றார்.