புக்கிட் பாத்தோக்கில் எழுந்து நிற்கும் திரை

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு புல்வெளி. அதில் இரண்டு மாடி உயரத்துக்குக் காற்றடைத்த சினிமாத் திரை நிற்கிறது. செம மாஸ். பாதிப் படத்தில் காற்று வேகமெடுக்கிறது. திரையை இயக்கும் நஸ்ரின் அக்கா யோசிக்கவே இல்லை, திரைக்குக் காற்றூதும் மோட்டாரை நிறுத்துகிறார். வில்லன் முகம் சுருங்கிச் சுருங்கித் தரையில் படுக்கிறது. மழை கொட்ட, மொத்தக் கூட்டமும் பக்கத்து அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஓடுகிறது.

அக்கா தனியாக நடத்தும் முதல் ஷோ இது. கூட்டம் கலைந்தால் அடுத்தது கிடைப்பது சந்தேகம்தான்.

“அவ்ளோதான்க்கா. இனிமே யாரு வருவா?” என்கிறேன், உதவிக்கு வந்த நான்.

“தம்பி ஊருக்குப் புதுசு லா. புல்லப் பாருங்க.”

பாய், செருப்பு, தண்ணீர் பாட்டில். எல்லாம் நனைந்தபடி அப்படியே கிடக்கின்றன.

“இங்க டிஷ்யூ பாக்கெட் வச்சுப் புடிச்ச இடத்தையே விட்டுட்டுப் போக மாட்டாங்க. இது பாய் லா.”

மழை விடுகிறது. அக்கா மோட்டாரைப் போட, திரை ஒரு தோளை முதலில் தூக்கி, பிறகு முழுசாக எழுகிறது. கூட்டம் திரும்பி வந்து அவரவர் இடத்திலேயே உட்கார்கிறது. முன்வரிசை ஆன்ட்டி ஈரப் பாயை உதறியபடி கத்துகிறார்:

“நஸ்ரின், கொஞ்சம் முன்னாடியிலேருந்து போடும்மா. வில்லன் மூஞ்சிய சரியாப் பாக்கல.”