சித்திக்குக் கை வலிக்குமா?

அம்மாவின் ஒரே தங்கை என் சித்தி. அவளுக்கு இருபத்தாறு வயதானபோது, காலையில் எழுந்ததும் கைவிரல்கள் மடங்க மறுத்தன. எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் சரம் பின்னப் போய்க்கொண்டிருந்தாள். வெடிகளைத் திரியோடு சேர்த்துச் சடைபோல் பின்னிக்கொண்டே போகிற வேலை அது. அவள் வேகத்துக்கு அங்கே ஆள் இல்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அந்த வருடம் அவளால் ஜாக்கெட் கொக்கியைக்கூட மாட்ட முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்திருக்கும். முழங்காலும் வீங்கியிருந்ததால் தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஒருவர் வேண்டும். கொக்கி மாட்டுவதும் தலை வாரிவிடுவதும் என் வேலையாயின. வெயில் ஏற ஏற விரல்கள் கொஞ்சம் இளகும். கம்பெனி வேன் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் ஏறிப் போய்விடுவாள்.

வைத்தியம் வீட்டில்தான் தொடங்கியது. நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம், கல்லுப்பு போட்ட வெந்நீர், சூடாக்கிய விளக்கெண்ணெய். யாரோ சொன்னார்கள் என்று அப்பா முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கிவந்து சூப்பு வைக்கச் சொன்னார். ஆட்டுக்கால் சூப்பு மாதிரியே இருக்கிறது என்று பாதியை அவரே குடித்தார். சித்தியின் விரல் அப்படியேதான் இருந்தது.

பிறகு விருதுநகருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது முடக்குவாதம் என்றார் டாக்டரம்மா. வயதானவர்களுக்கு வருகிற தேய்மானம் இல்லை, இளவயதிலும் வரும் என்றார். வாரத்துக்கு ஒருமுறை போடுகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"இதை விடாம சாப்பிட்டா விரல் கோணாது. கல்யாணம் முடிவானா எங்கிட்ட வந்து சொல்லுங்க. குழந்தை பெத்துக்கிற நேரத்துல இந்த மருந்தை மாத்திக் கொடுக்கணும்."

அங்கேயே ஒரு அறையில் கைக்கு மெழுகு வைத்தியம் செய்தார்கள். உருக்கிய மெழுகில் சித்தி கையை முக்கி முக்கி எடுப்பாள். வெள்ளையாக உறை மாட்டியதுபோல் ஆகிவிடும். சூடு ஆறியதும் அதை உரித்தெடுக்க என்னை விடுவார்கள். எனக்கு அது விளையாட்டு. உரித்த பிறகு சித்தி விரல்களை மெல்ல மடக்கிப் பார்ப்பாள். அவள் சிரித்த நாட்கள் அந்த வருடத்தில் அவைதான்.

நான்கு மாதத்தில் வீக்கம் குறையத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் ஆலங்குளம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். லாரி ஓட்டுகிறவர். டாக்டரம்மா சொன்னதில் அம்மாவின் காதில் நின்றது, இந்த மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பெறக் கூடாது என்பது மட்டும். மாத்திரையை நிறுத்தினாள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். இரண்டு வாரத்தில் விரல்கள் மறுபடி வீங்கின. சந்தையில் மூட்டுவலி மருந்து விற்கிறவரிடமிருந்து, காகிதத்தில் மடித்த பெயரில்லாத சின்ன வெள்ளை மாத்திரைகளை வாங்கி வந்தாள்.

"அக்கா, டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமே" என்றாள் சித்தி.

"கேட்டா அவுக சீக்காளினு எழுதிக் குடுப்பாக. எவன் கட்டுவான் ஒன்னய?"

சித்தி மாத்திரையை வாங்கி விழுங்கினாள். வெள்ளை மாத்திரை இரண்டே நாளில் வலியை எடுத்துவிட்டது. அம்மா சந்தைக்காரரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பெண் பார்க்க வருகிற அன்று காலையில் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். "யாரு கேட்டாலும் சித்திக்கு ஒண்ணுமில்லேனு சொல்லணும். அவ வாழ்க்கை ஒன் வாயிலதான் இருக்கு, பாத்துக்கோ."

அப்படி ஒரு பெரிய பொறுப்பை அதற்கு முன் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

சித்தி தட்டு ஏந்தி வந்தாள், கொடுத்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். எல்லாம் நன்றாக நடந்தது. கடைசியில் அவளுக்கும் ஒரு தம்ளர் காபி கொடுத்தார்கள். வலி போன பிறகும் பழக்கம் போகவில்லை. விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, வாசலில் நின்ற என் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, சித்திக்குக் கை வலிக்குமா?"

மெதுவாகத்தான் கேட்டார்.

"இல்லயே. சித்திதான் கம்பெனியிலயே வேகமா சரம் பின்னுவாக."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நான் உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மிச்சமிருந்த லட்டு எல்லாம் எனக்குத்தான்.

கல்யாணமாகி இரண்டு வருடம் சித்தி புருஷனுக்குத் தெரியாமல் வெள்ளை மாத்திரை சாப்பிட்டாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவாள். சித்தியின் முகம் உருண்டு பளபளவென்று ஆனது. கல்யாணக் களை என்றார்கள். நானும் நம்பினேன். பிறகு சந்தைக்காரர் வருவது நின்றது. மாத்திரை தீர்ந்த ஒரு வாரத்தில் சித்தியால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. சித்தப்பா அவளைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு வந்தார். அம்மாவோடு நானும் போனேன்.

அதே டாக்டரம்மா. சித்தியின் கையை வெகுநேரம் பார்த்தார். வெள்ளை மாத்திரை வலியை மட்டும் மறைத்திருக்கிறது, முகம் உருண்டதும் அதனால்தான், உள்ளே மூட்டுகள் அரித்துக்கொண்டே போயிருக்கின்றன என்றார். இனி இருக்கிறதைக் காப்பாற்றலாம், கோணிய விரல்கள் நிமிராது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

வெளியே பெஞ்சில் சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க அக்காவும் தம்ளரை அப்பிடித்தான் தூக்கும். உள்ளங்கையால" என்றார். "அதுக்கும் இதே சீக்குதான். மாசாமாசம் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இப்ப நல்லா இருக்கு. அதான் அன்னிக்கு ஒங்கிட்ட கேட்டேன் பாப்பா. நீ இல்லேன்னுட்ட. அப்புறம் அவ கையும் நல்லா இருந்துச்சு, நானும் விட்டுட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் குறைகூறி ஒரு வார்த்தை அவர் அன்றும் சொல்லவில்லை, இந்த நாள் வரைக்கும் சொன்னதில்லை.

சித்தி பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. அவள் விரல்கள் இப்போது சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டுத்தான் சித்தப்பா வேலைக்குக் கிளம்புகிறார். மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற கேள்வி என்றால், குறை கண்டுபிடிப்பதற்குத்தான் இருக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காகக் கேட்டார் என்பது தெரியவில்லை.