பிள்ளையார்பாளையத்துக் குப்பைப் படம்

இந்தப் பினாங்கில் விடிந்ததும் குப்பை மாட்டுவண்டி மணியடித்துக்கொண்டு வரும். அவரவர் தகரத்தை வெளியே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். நான் மட்டும் தெருவில் இறங்கி வண்டிக்கு முன்னால் மறித்துக் கையை நீட்டிவிடுவேன். பாழாய்ப்போன பழக்கம்! பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் ஒருநாள், "தாக்குத் லெம்பு?" என்று சிரித்தாள். மாட்டைக் கண்டு பயமா என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பாவு என்றால் என்ன என்று மலாயில் சொல்ல எனக்கு வராது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுமுன் பட்டிழைகளைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். அதுதான் பாவு. வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள்.

என் தங்கை வாந்திபேதியில் இறந்த வருஷம், எங்கள் பிள்ளையார்பாளையத்து வாசகசாலை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து தெருவுக்குப் படம் போட்டோம். எந்தக் குட்டையில் யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று காலடியால் அளந்து சிவப்பு மசியில் குறித்தோம். படத்தைச் சுவரில் மாட்டி, ஈ எப்படிச் சோற்றுக்கு வருகிறது என்று வீடுவீடாய்க் கூப்பிட்டுச் சொன்னோம். பெண்கள்தான் முதலில் ஒப்புக்கொண்டார்கள். தெரு நடுவில் தொட்டி, விடியற்காலையில் வண்டி. நகரசபைக்கு மனு எழுதியவன் நான்.

முதல் நாளே குப்பை வண்டி மாடு மிரண்டு எதிர்வீட்டு ஏகாம்பரத்தின் பாவுக்குள் காலை விட்டது. கல்யாணப் புடவைக்கான பாவு. இழைகள் அறுந்து புழுதியில் கிடந்தன.

"ஏம்பா, தெருவுல குட்டை தெரிஞ்சுது, குப்பை தெரிஞ்சுது. நாங்க பாவு கட்டிக்கினு நிக்கறது தெரியலியா?" என்று ஏகாம்பரம் கத்தினார்.

தெரியவில்லை. நெசவுக்காரன் மகன் நான், உச்சிப்பொழுதில் தெருவை அளந்திருக்கிறேன்! அப்போது தெரு காலி. அன்றே தொட்டியைக் கவிழ்த்தார்கள். குப்பை மறுபடி குட்டைக்கே போனது. தங்கையை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மாவுக்குப் பின் அப்பாவும் காலமானதும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலேறினேன்.

போன வாரம் ஏகாம்பரத்திடமிருந்து கடிதம். எழுத வராதவர், தாம் சொல்லச்சொல்ல யாரையோ எழுதவைத்திருக்கிறார்.

"இந்த வருசமும் தெருவுல ரெண்டு பேருக்கு வாந்திபேதி வந்துட்டுதுபா. உன் படத்தத் தேடி எடுத்தோம். எந்த வாசல்ல எப்ப பாவுன்னு இப்ப நாங்களே எழுதிக்கினோம். பாவு கட்டாத வாசல் தெருக்கோடியில உங்க வாசல் ஒண்ணுதான். தொட்டிய அங்க வெச்சா வண்டி உள்ள வராமலே திரும்பிடும். உனுக்கு மனசு கஷ்டமா இருந்தா வாணாம்னு எழுது."

கூடவே படத்தின் நகல். வீட்டுக்கு வீடு பாவுக்கு ஒரு கோடு. எங்கள் வீட்டில் கோடு இல்லை, வாசலில் தொட்டிக்காக ஒரு வட்டம், பக்கத்தில் என் பெயர். அம்மா கோலம் போட்ட இடம். கோபம் வந்தது. கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். மறுநாள், "தாராளமாக வையுங்கள்" என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

இங்கே நான் குடியிருக்கும் வீட்டில் என் பெயர் எங்கும் எழுதியில்லை. பிள்ளையார்பாளையத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது.