வெந்தயம் மணக்கும் காகிதத் தட்டு

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினரும் நண்பரும் அம்மாவின் கைகளை அறிவீர்கள். உள்ளங்கையில் உலக்கை பிடித்த காய்ப்பு. நக ஓரங்களில், எவ்வளவு தேய்த்தாலும் போகாத அச்சு மையின் சாம்பல் நிறம். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அந்தக் கைகள் செய்ததைச் சொன்னால் அவரைப் பற்றிப் பெரும்பாலும் சொன்னதாகிவிடும்.

அம்மா கலவை என்னும் ஊரில் உழவர் வீட்டில் பிறந்து, மணமாகி ஆம்பூருக்கு வந்தார். அப்பா தோல் மண்டியில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை நிறுத்துக் கொடுப்பவர். நானும் தங்கையும் சிறுவயதில் இருந்தபோதே காய்ச்சலில் காலமானார். பிறந்த வீட்டார் வந்து அழைத்தார்கள். அம்மா போகவில்லை. காகிதக் கூழில் கூடையும் தட்டும் செய்து விற்று எங்களை வளர்த்தார்.

மண்டிக்குச் சரக்கு சுற்றி வந்த தாள், பழைய பத்திரிகை, எதுவானாலும் நகமளவு கிழித்துத் தொட்டியில் ஊற வைப்பார். பக்கத்து வீட்டுப் பீபியம்மா உருதுப் பத்திரிகைகளைத் தருவார். ஆண்டவன் பெயர் அச்சான தாள்களைத் தமக்கென எடுத்துவைத்த பிறகே தருவார். அம்மா தினமும் தண்ணீர் மாற்றுவார். விரலிடையில் நசுக்கினால் தாள் என்று தெரியாதபடி குழைந்ததும் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு உரலில் இட்டு இடிப்பார். கவிழ்த்த பானையின்மேல் எண்ணெய் தடவிக் கூழை அப்பி நிழலில் உலர்த்துவார். பிறகு புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊற வைத்து அரைத்துக் காய்ச்சிய பசையை மேலே பூசி வெயிலில் வைப்பார். காய்ந்ததைத் தட்டினால் மரத்தின் ஓசை வரும். பூச்சி அண்டாது.

நான் சென்னையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். நாங்கள் அச்சடிக்கும் தாளின் ஆயுள் மறுநாள் காலை வரைதான். அதே தாள் அம்மாவின் கைக்குப் போய்ப் பல ஆண்டுகள் பருப்பையும் மிளகாயையும் தாங்கியது. அருகிலிருந்து எத்தனை முறை பார்த்தும் எனக்கு அந்த வியப்பு தீரவில்லை. அம்மாவோ என்னைச் சீண்டுவார்: "இன்னாடா, உன் பேப்பர் மட்டும் இவ்ளோ சீக்கிரம் ஊறிப்போவுது? உள்ள சரக்கு கம்மியா?"

தங்கையின் திருமணம் வாலாஜாபேட்டையில், மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. பித்தளைத் தட்டு வாங்க வழியில்லாததால் சீர்வரிசைக்கும் அம்மா கூழைப் பலகையில் அப்பிச் சதுரத் தட்டுகள் செய்து, மஞ்சளும் காவியும் பூசியிருந்தார். கைம்பெண் என்பதால் அவர் பந்தலின் ஓரத்தில் நின்றார். சீரை உள்ளே எடுத்துச் செல்லும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாயார் கையை நீட்டித் தடுத்தார்.

"ஆம்பூர்லருந்து வர்ற தட்டாச்சே. தோல காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்துலதான் ஒட்டியிருப்பீங்க. தாலி வெக்கற தட்டா இது? எங்க வாசப்படி தாண்டாது."

மணவறையில் தங்கை தலையைத் தூக்கவில்லை. எங்கள் தாய்மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா ஓரத்திலிருந்து நடுவே வந்துவிட்டார்.

"ஒரு சொம்பு கொதிக்கிற தண்ணி குடுங்க, சம்பந்திம்மா."

"எதுக்கு?"

"வஜ்ஜிரமா இருந்தா சுடுதண்ணி பட்டதும் நாறும். நம்ம பக்கத்துல யாருக்கு அந்த நாத்தம் தெரியாது?"

தண்ணீர் வந்தது. தாலித் தட்டின் ஒரு மூலையை அம்மா சொம்புக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றாகச் செய்த தட்டு எளிதில் ஊறாது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் நகரவில்லை. கடைசியில் மூலை இளகியபோது பந்தலில் பரவியது வெந்தய மணம். அம்மா அந்த மூலையைப் பிய்த்தார். ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

மாப்பிள்ளையின் தாயார் குனிந்து முகர்ந்தார். அவரும் ஒரு துணுக்கு எடுத்து வாயில் வைத்தார், முகம் கோணியது.

"ஐயே, கசக்குது!"

"வெந்தயம் கசக்காம பின்ன இன்னா பண்ணும், சம்பந்திம்மா?"

முதலில் சிரித்தவர் அந்த அம்மையார்தான். வேறு தட்டு எடுக்கப் போனவர்களைத் திரும்ப அழைத்தார். "அந்த மூளித் தட்டையே முன்னால எடுத்துனு வாங்க. மூளியாக்குனது நானுந்தானே." தாலி அதில்தான் வந்தது.

கடைசி ஆண்டில் அம்மாவின் விரல்கள் மடங்காமல் போயின. தங்கை வாலாஜாபேட்டையிலிருந்து வந்து இடிப்பாள், அம்மா விரலிடையில் நசுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பார். ஒரு காலை, கஞ்சி குடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

நோயில் உடனிருந்த பீபியம்மாவுக்கும், பாடை சுமந்த மண்டித் தொழிலாளர்களுக்கும், வாணியம்பாடியிலிருந்தும் கலவையிலிருந்தும் வந்து உடன் நின்றவர்களுக்கும் எங்கள் நன்றி. இம்மலரை அச்சிட்டபோது கழிந்த தாள்களைத் தங்கை வாங்கிப்போய் ஊற வைத்திருக்கிறாள்.

நன்றிக்குரியவர் இன்னும் ஒருவர். அம்மாவைக் கிடத்தியிருந்த அன்று சம்பந்தியம்மாள் வாலாஜாபேட்டையிலிருந்து வாய்க்கரிசியோடு வந்தார். அரிசி இருந்தது அந்தத் தாலித் தட்டில். மஞ்சள் மங்கியிருந்தது, பூச்சி அரிக்கவில்லை. யாரோ பித்தளைத் தட்டை நீட்டினார்கள்.

"வேணாம். இதுலருந்தே போடுங்க. இது அவங்க தட்டு."

அவர் தட்டை என் பக்கம் திருப்பினார். மூளியான மூலையின் பக்கமாகக் கையை விட்டு அரிசியை அள்ளினேன். வெந்தயம் இன்னும் மணத்தது.